பழைய சான் ஹுவானில் மதிலை ஒட்டி ஒரு நடை

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் பலர் நேராக எல் மோரோ கோட்டைக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஊரின் கிழக்கு முனையில் இருக்கும் சான் கிறிஸ்டோபல் கோட்டைக்குப் போங்கள். இத்தனூண்டு ஊருக்கு இவ்வளவு பெரிய மதில் எதற்கு என்பது அங்கே மேல்தளத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

பழைய நகரம் இருப்பது ஒரு குட்டித் தீவில். துறைமுக வாயைக் காக்க ஸ்பானியர்கள் 1539இல் எல் மோரோவைக் கட்டத் தொடங்கினார்கள், பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே நின்றன. 1595இல் வந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக்கை அவை விரட்டியும் விட்டன. ஆனால் மூன்றே வருடத்தில் இன்னொரு ஆங்கிலேயரான கம்பர்லாண்ட் பிரபு கிழக்கே ஆட்களை இறக்கி, தரை வழியாக வந்து கோட்டையையே பிடித்துவிட்டார்! அப்புறம் அவருடைய படையில் வயிற்றுக்கடுப்பு பரவி, சில மாதங்களில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1625இல் டச்சுக்காரர்கள் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து, கோட்டை மசியாததால் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. தரைப்பக்கத்துக் காவலாக நின்ற சான் கிறிஸ்டோபலை 18ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கியவர் தாமஸ் ஓ'டேலி என்ற ஐரிஷ் பொறியாளர். பணம் மெக்சிகோ வெள்ளியிலிருந்து வந்தது. 1797இல் ஆங்கிலேயர் மறுபடி கிழக்குப் பக்கமாக வந்தபோது ஊரை நெருங்கவே முடியவில்லை.

இந்தக் கோட்டையில் என்னை அசத்தியது பீரங்கிகள் இல்லை, தண்ணீர். முற்றத்துக்கு அடியில் பெரிய பெரிய தொட்டிகள். மேலே விழும் மழையெல்லாம் அங்கே போய்ச் சேரும்படி அமைத்திருக்கிறார்கள். முற்றுகை நீண்டால் வீரர்கள் குடிக்க வேண்டுமே. இன்னும் கீழே, சுரங்கப்பாதையில் குனிந்து போனால் இருட்டறை ஒன்று, அதன் சுவரில் யாரோ ஒரு கைதி வரைந்த பாய்மரக் கப்பல்கள். பாயும் கயிறும்கூட விடாமல் போட்டிருக்கிறான், கப்பலிலேயே வாழ்ந்தவன் கை அது. நான் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

வெளியே வந்து வடக்கு மதிலை ஒட்டி மேற்கே நடந்தால் வலப்பக்கம் கீழே லா பெர்லா தெரியும். மதிலுக்கும் அலைக்கும் நடுவில் நெருக்கியடித்த வண்ண வண்ண வீடுகள். இறைச்சிக்கூடம், கல்லறை, விடுதலையான அடிமைகளின் குடியிருப்பு என்று ஊருக்குள் வேண்டாதவற்றையெல்லாம் அந்தக் காலத்தில் மதிலுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள். எதிரிக்காகக் கட்டிய சுவர் சொந்த ஊர் மக்களையும் பிரித்ததை நினைத்தால் மனசு கனக்கிறது. வழிகாட்டிகள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், மேலேயிருந்து சும்மா படம் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

எல் மோரோவுக்கு முன்னால் பெரிய புல்வெளி. கடல்காற்று ஓயாமல் அடிப்பதால் குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுகிறார்கள். ஐஸைத் துருவி மேலே சர்பத் ஊற்றித் தரும் பிராகுவா வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள், புளியஞ்சுவையில்கூடக் கிடைக்கும்.

சாயங்காலத்தைத் தெருக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு உருக்கியபின் மிஞ்சிய கசடில் வார்த்த நீலக்கற்கள் பாவிய தெருக்கள், ஒரு தூறல் போட்டால் நிறம் இன்னும் தூக்கும். நல்ல பிடிமானமுள்ள செருப்பு அவசியம். கிழக்குப் பக்க மதில் மட்டும் தேடினாலும் கிடைக்காது. ஊர் வளர இடம் போதவில்லை என்று 1897இல் அதை இடித்துவிட்டார்கள். மறு வருடமே ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து குண்டு போட்டன, ஆனால் அவை வந்தது கடல் பக்கமாக. இரண்டு கோட்டைக்கும் ஒரே டிக்கெட்தான், வாங்கியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.