பாரோவும் லெண்டும்: கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, ‘கேன் யூ பாரோ மீ யுவர் ரூலர்?’ என்று கேட்பது வழக்கம். கேட்கப்பட்டவனும் தயங்காமல் அடிக்கோலை நீட்டிவிடுவதால், அங்கே ஒரு பிழை நடந்ததாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் பாரோ (borrow) என்றால் இரவல் வாங்குவது, லெண்ட் (lend) என்றால் இரவல் கொடுப்பது. அங்கே வரவேண்டியது லெண்ட்.

இந்தக் குழப்பம் தமிழிலிருந்து வந்ததன்று என்பது என் எண்ணம். இரவல் வாங்கு, இரவல் கொடு என்று நாம் வினையைக் கொண்டே இரண்டையும் பிரித்துவிடுகிறோம். பேச்சு மலாயில்தான் ‘பின்ஜாம்’ என்பது இருவருக்கும் பொதுவாகப் புழங்குகிறது. எழுத்து மலாயில் ‘மெமின்ஜாம்’ வாங்குவதையும் ‘மெமின்ஜாம்கான்’ கொடுப்பதையும் குறிக்கும் என்றாலும், பள்ளித் திடலில் அந்த ஒட்டுகளை யார் சுமந்து திரிகிறார்கள்?

ஆகவே சொற்பொருளைவிட வாக்கிய அமைப்பைச் சொல்லிக்கொடுப்பதே பயன் தருகிறது. லெண்ட் என்பதை அடுத்துப் பெறுபவரை நேராக வைக்கலாம்: ‘லெண்ட் மீ யுவர் ரூலர்’. பொருளை முன்னே சொன்னால், பெறுபவருக்கு முன் ‘டு’ வரவேண்டும். பாரோவை அடுத்தோ பொருள் மட்டுமே வரும். உடையவரைச் சொல்ல ‘ஃப்ரம்’ தேவை. ‘பாரோ மீ’ என்றால், என்னையே இரவலாக எடுத்துக்கொள் என்றாகிவிடும்.

இறந்தகாலத்தில் பாரோ ஒழுங்காகப் ‘பாரோட்’ ஆகிறது. லெண்டுக்கோ கடைசி ஒலி மட்டும் வல்லொலியாக மாறும்: lend என்பது lent ஆகும். ‘லெண்டட்’ என்றொரு வடிவம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் வேரில் டகர ஒலியே கிடையாது. இறந்தகால வடிவத்தில் இருந்த அந்த ஒலி நாளடைவில் வேரிலேயே ஒட்டிக்கொண்டது. ‘லெண்டட்’ என்று எழுதும் பிள்ளை அதே வேலையை இன்னொரு முறை செய்கிறது, ஆனால் மதிப்பெண் கிடைக்காது.

சொற்பொருளில் தமிழ்தான் நுட்பமானது. வாங்கிய பொருளையே திருப்பித் தருவதென்றால் இரவல். செலவழித்துவிட்டு ஈடாகத் தருவதென்றால் கடன். வட்டியில்லாமல் சில நாளைக்கு என்றால் கைமாற்று. ஆங்கிலம் சைக்கிளுக்கும் பத்து வெள்ளி (ரிங்கிட்) பணத்துக்கும் ஒரு கோப்பை சீனிக்கும் பாரோ ஒன்றையே போதுமாக்கிக்கொள்கிறது.

இடத்தைவிட்டுப் பெயராத ஒன்றுக்குப் பெரும்பாலும் பாரோ பொருந்தாது, ‘யூஸ்’ என்பதே சரி. ‘மே ஐ பாரோ யுவர் டாய்லெட்?’ என்று கேட்டால், எங்கே தூக்கிக்கொண்டு போவாய் என்று நான் திருப்பிக் கேட்பேன்.