மூன்று ஸ்விட்ச், ஒரு வளையம்: எம்எஸ்டிபி போட்டுப் பார்த்தேன்

காரைக்குடியில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பழைய வீடு. சுவர்களின் கனத்துக்கு முகப்பில் வைத்த வைஃபை வளவைத் தாண்டாது. அதனால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு மூன்றிலும் செகண்ட்ஹேண்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) வைத்து, முக்கோணமாகக் கேபிள் இழுத்திருக்கிறேன். ஒன்றை எலி கடித்தாலும் மாற்று வழி இருக்கும். விலேன் என்பது ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க். கேமராக்களுக்கு விலேன் 10. பங்கு வீடு என்பதால் இங்கே குடியிருக்கும் இரண்டு புள்ளிக்கும் (தனிக் குடும்பத்துக்கும்) 20, 30. கேமரா ரெக்கார்டர் முகப்பில். இணையம் வந்து சேர்வது இரண்டாங்கட்டில்.

கேபிளில் போகும் தரவுப் பொட்டலமான ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. வளையத்தில் எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். 1985-இல் ராடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பானிங் ட்ரீ இதற்குத்தான்: வழிகளை வளையம் இல்லாத மரம்போல ஆக்கும். ஒரு ஸ்விட்ச் ரூட், அதாவது வேர், ஆகும், உபரி வழி அடைபடும். அதன் அடுத்த வடிவமான ஆர்எஸ்டிபி அதையே வேகமாகச் செய்கிறது. ஆனால் எல்லா விலேனுக்கும் ஒரே மரம்தான், ஆகவே ஒரு கேபிள் சும்மா கிடக்கும். விலேனுக்கு ஒரு மரம் என்று போனால் ஸ்விட்சுக்கு வேலை கூடும். 2002-இல் வந்த 802.1எஸ், அதாவது எம்எஸ்டிபி, நடுவழி. விலேன்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு மரம். அந்த மரத்தை இன்ஸ்டன்ஸ் என்கிறார்கள்.

நான் 10-ஐ இன்ஸ்டன்ஸ் 1-இலும், 20, 30-ஐ 2-இலும் போட்டேன். ஒன்றுக்கு முகப்பு ரூட், இரண்டுக்கு இரண்டாங்கட்டு. ரூட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் பிரையாரிட்டி எண்ணை 4096 என்று கொடுத்தால் திரையில் 4097, 4098 என்று காட்டும். இன்ஸ்டன்ஸ் எண்ணையும் கூட்டிக்கொள்கிறது. இப்போது கேமரா மரத்தில் வளவு–இரண்டாங்கட்டு கேபிள் அடைப்பு, வீட்டு மரத்தில் முகப்பு–வளவு கேபிள் அடைப்பு. முழுக்கச் சும்மா கிடக்கும் கேபிள் எதுவும் இல்லை.

பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிங்கை ஓடவிட்டு முகப்பு–வளவு கேபிளைப் பிடுங்கினேன். விலேன் 20-இல் ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. அந்த வழி அதற்கு ஏற்கெனவே அடைப்புத்தானே. கேமரா பக்கம் ஒரு கணம் தயங்கி, இரண்டாங்கட்டு வழியாகச் சுற்றிப் போனது. "என்னப்பா, வயரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறே, ரிப்பேரா?" என்றார் அப்பத்தா. அவர் போனில் சீரியல் நிற்கவே இல்லை. வீடியோ முன்கூட்டியே இறங்கியிருக்கும் என்பதால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தேன். மூன்று ஸ்விட்சும் ஒரே ரீஜன், அதாவது ஒரே குழு, ஆக வேண்டுமென்றால் பெயர், ரிவிஷன் எண், விலேன் பங்கீடு மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். கேபிளில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால், ஸ்விட்சுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் பிபிடியு செய்தியில் பங்கீட்டுப் பட்டியல் போவதில்லை. அதன் 16 பைட் சுருக்கம் மட்டும் போகிறது. வளவு ஸ்விட்சில் ரிவிஷனை 1-இலிருந்து 2 ஆக்கினேன். பிங் ஓடியது, இணையம் வந்தது, எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆனால் வளவு தனி ரீஜன் ஆகி, அதன் இரண்டு கேபிளில் ஒன்று எல்லா விலேனுக்கும் அடைபட்டுவிட்டது. சுமை பிரிந்து போவது நின்றதே வெளியில் தெரியவில்லை. எனக்கு இதுதான் இந்தப் புரோட்டோகாலின் பெரிய குறை.

இன்னொரு சோதனை: ரிவிஷனைச் சரிசெய்துவிட்டு, முகப்பு–இரண்டாங்கட்டு ட்ரங்கிலிருந்து (பல விலேன் சேர்ந்து போகும் இணைப்பு) விலேன் 20-ஐ மட்டும் நீக்கினேன். முகப்பில் 20 செத்துப்போனது. வளவு வழியாகக் கேபிள் இருக்கிறது, ஆனால் திறக்காது. அடைப்பதும் திறப்பதும் இன்ஸ்டன்ஸ் கணக்கில்தான். 30 எப்போதும்போல ஓடுகிறது, அந்த மரத்துக்கு எந்தக் குறையும் தெரியாது. எம்எஸ்டிபி ஓடும் ட்ரங்கில் ஒரு இன்ஸ்டன்ஸின் விலேன்களை மொத்தமாக விடுங்கள், இல்லையென்றால் மொத்தமாக எடுங்கள்.

அடுத்து ஆர்எஸ்டிபி மட்டும் தெரிந்த பழைய ஸ்விட்ச் ஒன்றை இரண்டு கேபிளில் இதனோடு சேர்க்கப் போகிறேன். அதன் கண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து ஒரே ஸ்விட்சாகத் தெரிய வேண்டும்.