ஐம்பது மணி நேரம்

மே 12, 2025, திங்கள்

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 188.

பயிற்சி தொடங்கிவிட்டது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து குழந்தை மையக் கற்பித்தல் பற்றிக் கேட்டோம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. சிபிஎஸ்இ அதில் பாதியை வாரியத்தின் வழியாகவும் மீதியைப் பள்ளியிலேயும் முடிக்கச் சொல்கிறது. பள்ளியில் முடிக்க வேண்டிய பாதியை எங்களவர்கள் மே மாதத்தில் வைத்துவிடுவார்கள். மே மாதச் சம்பளம் பற்றி மட்டும் எந்தக் கொள்கையும் பேசாது. தாளாளரின் வரவேற்புரையையும் பயிற்சி நேரத்தில் சேர்த்தாயிற்று.

அடுத்த ஆண்டுக்கான வேலை ஆர்டர் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மே 13, செவ்வாய்

பத்து, பன்னிரண்டு இரண்டுக்கும் இன்றே தேர்வு முடிவு. முதல்வர் கைபேசியும் கையுமாக வெளியே ஓடினார். பாதி அரங்கம் அவர் பின்னாலேயே போய்விட்டது.

மிச்சம் இருந்தவர்களுக்குப் பயிற்சியாளர், கற்றலைப் படிகளாகப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாட்டைத் தொடங்கினார். சென்னைக்காரர், நல்ல மாதிரி. பலகையில் 1956 என்று எழுதி, “இந்த ஆண்டுக்கு என்ன சிறப்பு?” என்றார். சமூக அறிவியல் சார் சட்டென்று எழுந்து, “நவம்பர் 1, செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஆண்டு” என்றார். வகைப்பாடு வெளியான ஆண்டு என்ற பதிலுக்குக் காத்திருந்த பயிற்சியாளர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சார் சொன்னதில் பிழை ஏது? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

2001-இல் அந்தப் படிகளைத் திருத்தி, உச்சியில் படைத்தலை வைத்தார்களாம். அடிப்படி நினைவுகூர்தல். எழுத்துக்கூட்டவே வராத பிள்ளைக்கு அந்த முக்கோணத்தில் எங்கே இடம்? என் வகுப்பில் படிக்கும் புளியரைப் பையன் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை.

மே 14, புதன்

201. மாம்பழத்தை யார் வாங்கித் தந்தது என்று அம்மா சொல்லவே மாட்டேன் என்கிறாள்.

மே 15, வியாழன்

இன்றுதான் உருப்படியான நாள்.

வாசிக்கத் தெரியாத பிள்ளையின் தவிப்பு எங்களுக்கும் தெரிய வேண்டும் என்று பயிற்சியாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மலையாளப் பத்தி. பாதிப் பேர் கடகடவென்று வாசித்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் எழுத்துப்பிழை ஒன்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களிடம் மலையாளத்தைக் கொண்டுவந்து நீட்டினால் வேறென்ன நடக்கும்! அந்த அம்மாவே சிரித்துவிட்டுக் கைபேசியில் பஞ்சாபியின் குர்முகி எழுத்தைத் தேடி எடுத்தார். பிறகுதான் அரங்கம் அமைதியானது.

அடுத்து அவர் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன்: மனப்பாடமா வாசிப்பா என்று அறியப் பொருளில்லாத சொற்களைக் கொடுங்கள். இல்லாத சொல்லை யாரும் ஊகிக்க முடியாது.

எங்கள் புளியரைப் பையனும் பார்ப்பதற்கு வாசிக்கிறவன்தான். விரல் வரிக்குக் கீழே ஒழுங்காக நகரும், குரலில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனால் விரல் ‘மரம்’ மேல் நிற்கும்போது வாய் ‘நிழல்’ என்று சொல்லும். வீட்டில் அக்கா வாசிக்கக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். ஆறாம் வகுப்பு முழுக்க இப்படியே ஓட்டிவிட்டான். அகரமும் ஆகாரமும் சரியாக இருக்கின்றன. கொம்பு வந்தால்தான் விழுகிறான். ‘கொ’ என்பதில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பு, வாய் முதலில் தொட வேண்டியது க். கடைசியில் துணைக்கால் வேறு. 216 உயிர்மெய்யில் இப்படிக் கொம்பு முன்னால் நிற்பவை எத்தனை! நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

அம்மா சர்க்கரை நோட்டில் ‘காலை’ என்பதை இன்னும் துதிக்கை போட்ட பழைய லைகாரத்தோடுதான் எழுதுகிறாள். 1978 சீர்திருத்தம் அவள் கைக்கு வந்து சேரவேயில்லை. அந்தத் துதிக்கை எழுத்தோடு ஒட்டியிருந்தது, பையனுக்கு அது எளிதாக இருந்திருக்குமோ என்னவோ. இரவெல்லாம் இதே நினைப்பு.

மே 16, வெள்ளி

மதியத்துக்கு மேல் பள்ளிச் சேர்க்கைத் துண்டறிக்கை விநியோகம். இலஞ்சி, வல்லம். வெயில்.

மே 19, திங்கள்

தமிழுக்கு இரண்டு பேர் எதற்கு என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டதாம். சொன்னவர் யாரிடம் கேட்டாரோ. மூத்தவர் நான், சம்பளமும் எனக்குத்தான் கூடுதல். அது பலமா பலவீனமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. 176.

மே 20, செவ்வாய்

துண்டறிக்கைக்குப் புளியரையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பையனின் அப்பா கேரளத்தில் தென்மலைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். வாரக் கடைசியில் பகவதிபுரத்தில் ரயில் இறங்கி வருவார். பாட்டிதான் இருந்தார். “வாங்க டீச்சரம்மா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பொருளில்லாத சொற்கள் எழுதிய சீட்டுகளைத் திண்ணையில் பரப்பினேன். ‘தேபலு’: விரலால் கொம்பைத் தாண்டித் தடவிப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னான். ‘கொமிதை’: உடனே “கோழி”. ‘பைநொறு’ வந்ததும் நிமிர்ந்து, “இது எந்த ஊர் டீச்சர்?” என்றான். கேரளத்தில் இருக்கும் ஊர் என்று நினைத்துவிட்டான்.

கிளம்பும்போது பாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜூனில் அவனை அந்தப் பக்கமே, அப்பாவோடு, சேர்க்கலாமா என்று பேச்சு இருக்கிறதாம். பீஸ் கட்டி முடியவில்லையாம். என் கையில் பள்ளிச் சேர்க்கைத் துண்டறிக்கைக் கட்டு. ஒன்றும் பேசாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

மே 21, புதன்

சீட்டுகள் மட்டும் எழுதினேன்.

மே 24, சனி

கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பு. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித்தான் வரும். 2009-க்குப் பிறகு இத்தனை சீக்கிரம் வந்ததில்லையாம். கத்திரி முடியவே நாள் இருக்கிறது. மலை முழுக்க மூடிக்கொண்டது, சாரல் வீட்டுக்குள் வருகிறது. அம்மாவுக்கு 154. காலையிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் ஏனோ எல்லாம் சரியாகிவிடும் போல இருக்கிறது.

மே 27, செவ்வாய்

பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்து தவறு. ஆர்டர் எப்போது என்று நேரே கேட்டேன். “பார்க்கலாம் டீச்சர், பார்க்கலாம்.”

மே 29, வியாழன்

பார்க்கலாமாம்!

மே 31, சனி

புளியரையிலிருந்து பையனின் அக்கா பேசினாள். அப்பா வந்திருக்கிறார், திங்களன்று டி.சி. வாங்க வரலாமா என்று கேட்டாள். அன்றுதான் பள்ளி திறக்கிறது. கேரளத்திலும் அன்றே திறக்கிறார்கள். மதியத்துக்கு மேல் வாருங்கள், முதல்வர் இருப்பார் என்றேன். சீட்டுக் கட்டை அலுவலகத்தில் கொடுத்து வைக்கவா என்றும் கேட்டேன். லைனில் இல்லை.