ஏ.பி. கவர்ன்மென்ட் தேர்வு: நான்காம் அலகை எப்படிப் படிக்கலாம்

அமெரிக்கப் பள்ளிகளில் ஏ.பி. கவர்ன்மென்ட் (கல்லூரித் தரத்தில் அமெரிக்க அரசியலைப் படிக்கும் பாடம்) எடுக்கும் பிள்ளைகள் நான்காம் அலகுக்கு வந்ததும் கொஞ்சம் அசந்துவிடுகிறார்கள். அரசமைப்புச் சட்டம், காங்கிரஸ், உச்ச நீதிமன்ற வழக்குகள் என்று மூன்று அலகுகளில் மூச்சு வாங்கிவிட்டு வந்தால், இங்கே அரசியல் நம்பிக்கைகள், மக்கள் கருத்து, கொள்கை முடிவுகள். டி.வி. விவாதம் மாதிரிதானே இருக்கிறது, தேர்வுக்கு முந்தின நாள் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும் என்று ஒதுக்கிவிடுவார்கள். பலவுள் தெரிவுக் கேள்விகளில் இந்த அலகின் பங்கு 10 முதல் 15 சதவீதம்தான், உண்மைதான். ஆனால் எழுத்துப் பகுதியின் இரண்டாம் கேள்வி அட்டவணையோ வரைபடமோ கொடுத்துக் கேட்பது. அதற்கு வேண்டிய பயிற்சி இந்த அலகில்தான் கிடைக்கிறது.

நான் மதுரையில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தத் தேர்வை எழுதினேன். இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதியில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இந்த அலகில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு வீட்டிலேயே ஒரு கட்சி இருக்கும். கன்சர்வேட்டிவ் (பழமைவாத) தரப்பு வாதத்தை எழுதச் சொன்னால், தங்களுக்கே தெரியாமல் அதற்கு மறுப்பு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். லிபரல் (தாராளவாத) தரப்புக்கும் அதே கதிதான். நமக்கு அந்தப் பாரம் குறைவு. எந்தத் தரப்பு சரி என்று தேர்வு கேட்பதே இல்லை. இவர் ஏன் இப்படி நினைக்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறது.

முதலில் அடிப்படை மதிப்புகள். தனிமனித முயற்சி, சம வாய்ப்பு, தடையற்ற தொழில், சட்டத்தின் ஆட்சி, அளவான அதிகாரமுள்ள அரசு என்று ஐந்து. மிதிவண்டியும் மடிக்கணினியும் அரசு கொடுத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கடைசி ஒன்று பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. அரசு நம் விஷயத்தில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்வி இங்கே எல்லா விவாதத்துக்கும் அடியில் ஓடுகிறது.

இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்வது பெரிய வேலை இல்லை. இரண்டு தரப்பும் இதே ஐந்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதைப் புரிந்துகொள்வதில்தான் மதிப்பெண் இருக்கிறது. சம வாய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டம் 1965இல் வந்தது. பள்ளிக்குள் நுழையும் முன்பே பின்தங்கிவிட்ட குழந்தைக்கு அரசு கை கொடுத்தால்தான் வாய்ப்பு சமமாகும் என்பார் லிபரல். சட்டம் யாரையும் தடுக்காமல் இருந்தாலே வாய்ப்பு சமம், மிச்சத்தைக் குடும்பமும் ஊரும் பார்த்துக்கொள்ளும் என்பார் கன்சர்வேட்டிவ். அரசு மிகக் குறைவாக இருந்தால் போதும் என்னும் லிபர்டேரியனைக் கேட்டால் இதற்கெல்லாம் வரிப்பணத்தை எடுப்பதே தப்பு என்பார். ஒரே மதிப்பு, மூன்று முடிவுகள். குறைந்தபட்சக் கூலி, துப்பாக்கி, மருத்துவக் காப்பீடு என்று கைக்குக் கிடைத்த ஒவ்வொரு விஷயத்தையும் இப்படிப் பிரித்து ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். நான் இதற்கென்றே தனி நோட்டுப் போட்டிருந்தேன்.

அப்புறம் கருத்துக்கணிப்பு. இந்த அலகில் எனக்குப் பிடித்த பகுதி, அதிகம் பேர் சறுக்கும் பகுதியும் இதுதான். 1936 தேர்தலை மட்டும் முழுதாகப் படித்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, குடியரசுக் கட்சியின் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. நடந்தது என்ன? அன்றைக்கு இருந்த 48 மாநிலங்களில் 46ஐ ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட்தான் வருவார் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

பத்திரிகை முகவரிகளை எடுத்த இடம் டெலிபோன் டைரக்டரியும் கார் பதிவேடுகளும். பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, சிரமம் பார்க்காமல் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மேல் கோபத்தில் இருந்தவர்களே அதிகம் இருந்தார்கள். மாதிரி எவ்வளவு பெரியது என்பதைவிட எப்படி எடுக்கப்பட்டது என்பது முக்கியம். ‘இந்தக் கணிப்பின் நம்பகத்தன்மையை எப்படிக் கூட்டலாம்’ என்ற கேள்விக்கு ‘இன்னும் அதிகம் பேரைக் கேட்கலாம்’ என்ற விடை ஆசை காட்டும். குறை, ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். எல்லாருக்கும் தேர்வாகும் வாய்ப்புள்ள ரேண்டம் மாதிரியைச் சொல்லும் விடையைத் தேடுங்கள்.

பிழை வரம்பும் அப்படித்தான். ஆயிரம் பேரைக் கேட்டால் ஏறக்குறைய மூன்று புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். ஒருவருக்கு 48, இன்னொருவருக்கு 46 என்று வந்தால் முன்னணி என்று எழுதக் கூடாது, யார் முன்னால் என்று சொல்ல முடியாது என்றுதான் எழுத வேண்டும். கேள்வியின் சொற்களையும் பாருங்கள். ஏழைகளுக்கு உதவ அரசு இன்னும் செலவு செய்யலாமா என்று கேட்டால் தலையாட்டும் அமெரிக்கர்களில் பலர், அதையே ‘வெல்ஃபேர்’ என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஆய்வுகளில் மாறாமல் வரும் முடிவு இது.

எழுத்துப் பகுதியின் அந்த இரண்டாம் கேள்விக்கு 4 மதிப்பெண். எழுதும் முறையை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றவர்கள் காலப் கணிப்பில் 1996இல் 27 சதவீதம், 2015இல் 60 சதவீதம். வரைபடத்தில் இதைக் கொடுத்தால், முதல் பகுதிக்கு ஒரு எண்ணை ஆண்டோடு எடுத்து எழுதினால் போதும். இரண்டாம் பகுதிக்குப் போக்கு: ஆதரவு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ‘கூடியிருக்கிறது’ என்று மொட்டையாக விடாமல் எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள். மூன்றாவதில் ஒரு முடிவுக்கு வந்து அதை விளக்க வேண்டும். இங்கேதான் தலைமுறை மாற்றம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அது பாதிதான் சரி. வயதானவர்கள் மறைந்து இளைஞர்கள் வருவதால் மட்டும் 19 ஆண்டுகளில் இவ்வளவு நகராது. ஏற்கெனவே எதிர்த்தவர்களில் பலர் மனம் மாறியிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் விளக்கம் கெட்டியாகிறது. நான்காவதில் அரசோடு இணைக்க வேண்டும். 1996இல் திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று கூட்டாட்சிச் சட்டம் போட்ட அதே காங்கிரஸ், 2022இல் தன்பாலினத் திருமணங்களைக் காக்கச் சட்டம் போட்டது. மக்கள் கருத்து மாறினால் தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்களும் மாறுவார்கள். தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கிய 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவதாக இருந்தால் கவனம், நீதிபதிகள் தேர்தலில் நிற்பவர்கள் அல்ல.

அரசியல் சமூகமயமாதல், அதாவது குடும்பம், பள்ளி, நண்பர்கள், ஊடகம், மதம் எல்லாம் சேர்ந்து ஒருவரின் அரசியலை உருவாக்குவது, ஒரு மாலையில் முடிந்துவிடும். தலைமுறை விளைவையும் வயது விளைவையும் மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெருமந்தத்தில் வளர்ந்தவர் கடைசிவரை ரூஸ்வெல்ட் கட்சிக்கே ஓட்டுப் போட்டால் முதலாவது. அறுபதை நெருங்கும்போது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மேல் அக்கறை வந்தால் இரண்டாவது.

பொருளாதாரக் கொள்கையில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வரியும் செலவும் காங்கிரஸும் ஜனாதிபதியும் சேர்ந்து முடிவு செய்வது. வட்டி விகிதம் நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் (சுருக்கமாக ஃபெட்) வேலை. ஃபெட் தலைவரை ஜனாதிபதி நியமிக்கலாம், செனட் ஒப்புதல் தரலாம், வட்டியைக் குறை என்று உத்தரவு போட மட்டும் முடியாது. ‘ஜனாதிபதி வட்டியைக் குறைத்தார்’ என்று ஒரு விடை இருந்தால் அடித்துவிடலாம். பொருளாதார அறிஞர் கேன்ஸ் வழிக்கு உதாரணம் 2009இல் ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டம், மந்தத்தில் அரசு செலவைக் கூட்டியது. வரியைக் குறைத்து உற்பத்தியைத் தூண்டும் சப்ளை-சைடு வழிக்கு 1981இல் ரீகன் கொண்டுவந்த வரிக்குறைப்பு, உச்ச வரி விகிதம் 70இலிருந்து 50 சதவீதமானது. ஃபெடுக்கு 2022: விலைவாசி ஏறியதும் வட்டியைத் திரும்பத் திரும்ப உயர்த்தினார்கள். மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதி ஒட்டிவைத்தால் குழப்பம் வராது.

எழுத்துப் பகுதிக்கு நான்கு கேள்விகள், 100 நிமிடம். முதல் மூன்றுக்கும் இருபது இருபது நிமிடம், கட்டுரைக்கு நாற்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களும், மாணவர்கள் எழுதிய விடைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கமும் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியில் காசு கொடுத்து வழிகாட்டி வாங்கும் முன் அவற்றைப் பாருங்கள். குறிப்பாக 4க்கு 2 வாங்கிய விடைகளை. முழு மதிப்பெண் வாங்கிய விடையைவிட அவற்றில்தான் எங்கே நழுவுகிறது என்று தெரியும். 2025இலிருந்து இந்தத் தேர்வு கம்ப்யூட்டரில் புளூபுக் செயலியில்தான். வரைபடத்தில் பேனாவால் கோடு போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஏப்ரலிலேயே அதில் மாதிரித் தேர்வு எழுதிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.