பேண்ட் மறைஞ்சதும் வேலை முடியல

பெங்களூர்ல ஹெப்பாள் பக்கம் ஒரு லேப்ல கெமிஸ்டா இருக்கேன், நியூரோபிளாஸ்டோமான்னு குழந்தைங்களுக்கு வர்ற நரம்புத் திசு கேன்சருக்கு டீகிரேடர், அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்த செல்லையே வச்சு அழிக்க வைக்கிற மருந்து, செய்யுறோம். இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிற நம்ம பசங்க எப்படிப் போகும்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

இது பெரும்பாலும் 5 வயசுக்குள்ள வர்ற நோய். சுமார் 20 சதவீதம் கட்டிகள்ல எம்ஒய்சிஎன் ஜீன் ஏகப்பட்ட நகலா பெருகிக் கிடக்கும், அந்தக் குழந்தைங்கள காப்பாத்துறதுதான் ரொம்ப கஷ்டம். எம்ஒய்சிஎன் புரதத்துல மருந்து போய் உக்கார சரியான குழியே கிடையாது. ஆனா அரோரா-ஏன்னு ஒரு கைனேஸ் (மத்த புரதங்கள்ல பாஸ்பேட் ஒட்டுற நொதி) அதைப் பிடிச்சுக்கிட்டு செல் அழிச்சிடாம காப்பாத்துது, அந்தக் காவலுக்கு அதோட கைனேஸ் வேலை கூட தேவையில்ல, அதனால வேலைய மட்டும் தடுத்தா பத்தாது, அரோரா-ஏவையே ஒழிக்கணும். 2020ல ஜெர்மனியில அரோரா-ஏவைத் தடுக்குற அலிசெர்டிப் மருந்தையும் தாலிடமைடையும் ஒட்டி ஜேபி170ன்னு ஒண்ணு காட்டினாங்க. ஒரு முனை அரோராவைப் பிடிக்கும், இன்னொரு முனை செல்லுல இருக்குற செரிப்ளான்ங்கிற புரதத்தைப் பிடிக்கும், செரிப்ளான் அரோரா மேல யுபிக்விட்டின்னு 'இதை அழி'ன்னு சொல்ற முத்திரை குத்த வச்சு, புரதத்த வெட்டித் தள்ளுற புரோட்டியசோமுக்கு அனுப்பிடும்.

எங்க பாதி உழைப்பு, ரெண்டு முனையையும் இணைச்சு நடுவுல இருக்குற லிங்கர்லதான் போச்சு. ஒரு கார்பன் கூடினா கூட சில சமயம் எல்லாம் மாறிடும். டோஸ ஏத்த ஏத்த நல்லா அழியும்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க, ஒரு அளவுக்கு மேல போனா அரோரா பேண்ட் (பிளாட்ங்கிற டெஸ்ட்ல புரதம் எவ்வளவு இருக்குன்னு காட்டுற கோடு) திரும்ப கருப்பா வரும். பொண்ணு வீட்டுக்கு ஒரு தரகர், மாப்பிள்ளை வீட்டுக்கு வேற தரகர்னு ஆயிட்டா ரெண்டு வீடும் சந்திக்கவே சந்திக்காதுல்ல, அதே கதைதான்: அரோராவை ஒரு மூலக்கூறும் செரிப்ளானை வேற மூலக்கூறும் தனித்தனியா பிடிச்சுக்கும்.

கெல்லிங்கிற நியூரோபிளாஸ்டோமா செல்லுல முதல் தடவை அரோரா பேண்ட் சுத்தமா மறைஞ்சப்ப, எல்லாத்துலயும் சம அளவு புரதம் ஏத்தியிருக்கோமான்னு பாக்குற டியூபுலின் பேண்ட் கீழ எல்லா லேன்லயும் ஒரே அளவா அழகா நின்னுச்சு. சீனியர் அக்கா பாத்துட்டு, "எந்த வழியா போச்சுன்னு காட்டுப்பா, அப்புறம் சந்தோஷப்படலாம்"னாங்க. கரெக்ட், செல் செத்துக்கிட்டு இருந்தாலும் புரதம் குறையும். எம்ஜி132ங்கிற தடுப்பான் போட்டு புரோட்டியசோம நிறுத்தினா பேண்ட் திரும்பி வரணும், தாலிடமைடு முனையில ஒரு மெத்தில் வச்சு செரிப்ளான் பிடிக்க முடியாதபடி செஞ்ச ஜோடி மூலக்கூறு எதையும் அழிக்கக் கூடாது. இந்த ரெண்டும் இல்லாத பிளாட்ட நான் நம்பவே மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க.

இப்ப என் கவலை எல்லாம் சால்4 மேல. தாலிடமைடு மனுஷக் கருவுல அழிக்கிற புரதம் அது, கை கால் குறையோட குழந்தைங்க பொறந்ததுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு 2018ல காட்டினாங்க. எலியோட செரிப்ளான் கொஞ்சம் வேற மாதிரி, எலியில சால்4 அழியாது, அதனால எலியில சேஃப்னு வந்தா மட்டும் போதாது. மனுஷ ஸ்டெம் செல்லுல சால்4 பேண்டையும் கூடவே ஓட்டுறோம், அதைக் குறைக்கிற மூலக்கூறு அரோராவை எவ்வளவு நல்லா அழிச்சாலும் அடுத்த கட்டத்துக்கு அனுப்புறதில்ல.