முதலாளியின் மஸ்டாங்கும் என் கூலிங் கிளாஸும்

கார் என்னுடையது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி ஆசைப்பட்டு வாங்கிய ஃபோர்டு கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார், மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் வி8 எஞ்சின், சிவப்பு. கோயம்புத்தூர் வீட்டு ஷெட்டில் வாரம் முழுக்கத் தூங்கும். அப்படியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பாலக்காடு வரை ஓட்டிவிட்டு வரும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். மற்ற நாளெல்லாம் நான் அவருடைய கணக்குப்பிள்ளை. வீடு வேலந்தாவளத்தில், எல்லைக்குக் கேரளப் பக்கம். சனி ராத்திரி வண்டி எங்கள் வாசலில் நிற்கும். ஞாயிறு காலையில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா.

மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாளையாறு ரோட்டில் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு தென்மேற்காக இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் சூரியன் விழுவதும் தென்மேற்கில்தான். எட்டிமடை தாண்டினால் சூரியன் ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். வேறு இடமாக இருந்தால் ஒரு மலையாவது மறைக்கும். இங்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கே இடைவெளி விட்டுப்போன கணவாய், மறைக்க ஒன்றும் கிடையாது. வைகாசி, ஆனியில் சூரியன் வலப்பக்கம் ஒதுங்கிவிடும், அவ்வளவு தொல்லை இல்லை.

என்னுடைய பழைய வண்டியில் வெயிலை மறைக்கும் வைசரை இறக்கினால் போதும். மஸ்டாங்கில் அது நடக்காது. சீட் தரையோடு தரையாக இருக்கிறது. முன் கண்ணாடி படுத்துக் கிடக்கிறது. வைசரை இறக்கினால் பாதி ரோடு போய்விடும். போதாக்குறைக்கு முன்னால் அந்த நீளமான பானெட் கண்ணாடி மாதிரி பளபளத்து, வெயிலை வாங்கி நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்யும் தப்பு. இருப்பதிலேயே கறுப்பான கண்ணாடியை வாங்கினேன். ரோட்டோரக் கடை, 250 ரூபாய், லென்ஸில் 'போலரைஸ்டு' (ரோட்டில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வெட்டுவது) என்று ஸ்டிக்கர் வேறு. போட்டதும் கண்ணுக்குக் குளிர்ச்சி. நல்ல சாமான் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முதலாளி திருச்சூர் வரை போய்வரச் சொன்னார். வடக்கஞ்சேரி தாண்டினால் குதிரான் சுரங்கம். 2021 ஜூலை கடைசியில்தான் அதன் ஒரு குழாயைத் திறந்தார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது என்று தெரியும், ஆனால் அதன் பின்விளக்கு எங்கே என்று தெரியவில்லை. ஒரு கையால் கண்ணாடியைப் பிடுங்கி எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டேன். கணக்குப்பிள்ளை புத்தி, அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம். இருட்டுக்குக் கண் பழக மூன்று நொடி ஆனால் 50 மீட்டர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அது 60-இல். மஸ்டாங்கை அறுபதில் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

அன்று ராத்திரி வீட்டில் சொன்னபோது, "வண்டி அவங்களுதுங்க, கண்ணு உங்களுதுதானுங்களே" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலையாளி, எங்கள் பக்கத்து ஆட்களைப் போலவே தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். என் 250 ரூபாய் கண்ணாடியைக் கையில் வாங்கினார். கையை நீட்டி அதைத் தூரத்தில் பிடித்து, தரை டைல்ஸின் கோட்டை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்தச் சொன்னார். கோடு தண்ணீரில் தெரிவது போல நெளிந்தது. தலைவலி வருமா என்றார். வரும் என்றேன். பிறகு என் போனை எடுத்து, திரைக்கு முன்னால் லென்ஸை ஒரு சுற்று சுற்றினார். போலரைஸ்டு என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் திரை மங்கியோ கறுத்தோ போக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஸ்டிக்கர் மட்டும்தான் போலரைஸ்டு.

கடைசியாகக் கல்லாவில் இருந்த கள்ள நோட்டு பார்க்கும் விளக்கைப் போட்டார். அந்த நீல வெளிச்சத்தில் 500 ரூபாய் நோட்டின் நம்பர் பளிச்சென்று ஒளிர்ந்தது. விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே என் கண்ணாடியை நீட்டினார். நம்பர் அப்போதும் ஒளிர்ந்தது. புற ஊதாக் கதிர் நேராக உள்ளே வருகிறது என்று அர்த்தம். கடையிலிருந்த நல்ல கண்ணாடி ஒன்றை வைத்ததும் நம்பர் அணைந்துவிட்டது. கறுப்புக்கும் புற ஊதாவுக்கும் சம்பந்தமே இல்லை, கறுப்புக் கண்ணாடிக்குள் கண்மணி விரிவதால் இன்னும் கூடுதலாகத்தான் உள்ளே போகும் என்றார். எனக்கு அது புதிய செய்தி. காரின் முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கத்துக் கண்ணாடிகளை அப்படி நம்ப முடியாது. அதனால் புற ஊதாவைத் தடுக்கும் 'யுவி 400' என்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் ஒன்றும் எனக்கு உண்டு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில், டிரைவிங்குக்கு இதைவிட நல்லது இல்லை என்று தலையில் கட்டிவிட்டார்கள். அதைக் கறுக்க வைப்பதே புற ஊதாதான். முன் கண்ணாடி அதைத் தடுத்துவிட்டால் காருக்குள் எப்படிக் கறுக்கும்? காரை விட்டு இறங்கி டீ குடிக்கப் போனால் ஜம்மென்று கறுக்கும். டீக்கடைக்கு நல்ல கண்ணாடி.

கறுப்பின் அளவுக்கு நம்பர் இருக்கிறது. நல்ல ஃபிரேமில் காதில் மாட்டும் கையின் உள்பக்கம் பொடி எழுத்தில் 'கேட்.' (கேட்டகரி, அதாவது வகை) என்று போட்டு ஓர் எண் இருக்கும், 0 முதல் 4 வரை. 2 என்றால் வெளிச்சத்தில் 18 முதல் 43 சதவீதம் உள்ளே வரும். 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் 3 முதல் 8 தான், அது பனிமலைக்கும் நடுக்கடலுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று கார் படத்தின் மேல் கோடு போட்டே விற்பார்கள். நான் எடுத்தது 3, அதிலும் 15 சதவீதம் விடுவது. பழுப்பு நிறம். சாம்பல் நிறத்தில் நிறங்கள் மாறாமல் அப்படியே தெரியும், சிக்னலுக்கு அதுதான் சரி என்பார்கள், உண்மைதான். ஆனால் பழுப்பில் தார் ரோட்டின் மேடு பள்ளம் எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது. சிக்னலின் சிவப்பும் சிவப்பாகவே தெரிகிறது. ராத்திரிக்கு என்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். இருக்கிற வெளிச்சத்தையும் அது குறைக்கத்தான் செய்யும்.

போலரைஸ்டு இந்தக் காருக்குக் கட்டாயம் என்பேன். ரோட்டில் பட்டுப் படுக்கைவாட்டில் அடிக்கும் கூச்சத்தை அது வெட்டிவிடும். பானெட்டின் பளபளப்பும், டேஷ்போர்டின் நிழல் முன் கண்ணாடியில் விழுவதும் பெரிதாகக் குறைந்துவிட்டன. முதல் நாள் மட்டும் பயந்துபோனேன். முன்னால் போன கார்களின் பின் கண்ணாடியெல்லாம் புள்ளி புள்ளியாக, தேமல் விழுந்த மாதிரி தெரிந்தது. சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டியாக்கிய கண்ணாடி அப்படித்தான் தெரியுமாம், என் லென்ஸில் கோளாறு இல்லை. போனைப் படுக்கவைத்து மேப் பார்த்தால் திரை இருண்டுவிடுகிறது. நிமிர்த்தி வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் மட்டும் கழற்றிவிடுகிறேன். ஈரம் எங்கே என்று காட்டுவதே அந்தப் பளபளப்புதான். இந்த மாதிரி வண்டியில் பின் சக்கரம் ஈரத்தில் வழுக்குவதைத் தெரிந்துதான் ஓட்ட வேண்டும்.

ஃபிரேம் விஷயம் சின்னது, ஆனால் பணத்தைக் கொட்டிக் கோட்டை விடுவது அங்கேதான். அகலமான கை வைத்த ஃபிரேம் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் வலது ஓரத்தில் வரும் பைக்கை மறைத்துவிடும். முதலாளி அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போனார். ஹெல்மெட்டுக்குள் அந்தக் கை நெற்றிப்பொட்டில் குத்த ஆரம்பித்து, இரண்டு சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார். கை மெல்லிசாக, நேராக இருக்க வேண்டும். லென்ஸ் கண்ணாடியாக இல்லாமல் உடையாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பவர் இருப்பவர்கள் பவரோடுதான் போட வேண்டும். எனக்கு மைனஸ் ஒன்றரை. பவரோடு சேர்த்து 3,800 ரூபாய் ஆனது. உள்பக்கம் எதிரொளிப்பு இல்லாத பூச்சுக்குக் கூட 400 கொடுத்தேன், அதை வேண்டாம் என்று விட மாட்டேன். காலையில் வெயில் பக்கவாட்டிலோ முதுகுப்பக்கமோ இருக்கும்போது நம் கண்ணே லென்ஸில் தெரிவது பெரிய இம்சை.

போன சனிக்கிழமை முதலாளியும் கூட வந்தார். கஞ்சிக்கோடு பக்கம் வெயில் தாங்காமல், "குடுப்பா அதை" என்று என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அவருக்குப் பவர் கிடையாது. கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். "ஏப்பா, லாரியெல்லாம் சின்னதா தெரியுது?" என்றார். மைனஸ் பவர் அப்படித்தானுங்க என்றேன். கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சித்தூர் கடை ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.