வராண்டாவில் 999 சென்டிமீட்டர்

2014 நவம்பர் மூன்றாம் வாரம். கேரள மலையில் இருந்துகொண்டு எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. முப்பத்தைந்து வருடம் கழித்துத் தொட்ட மட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த டீக்கடையிலும் வேறு பேச்சில்லை. பத்தாம் வகுப்பில் நான் முதல் உலகப் போரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கதையைக் கேட்க ஒருவனும் தயாராக இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், நாம ஜெயிச்சுட்டோம்ல?"

"யாரை?"

"கேரளாவை, சார்."

"சரி. இந்தச் சண்டை எப்போ ஆரம்பிச்சது?"

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பல பேர் "2011" என்றார்கள். அந்த டிசம்பரில் அணைத் தகராறில் கேரளாவுக்குப் போகும் குமுளி எல்லை அடைபட்டதும், ஊர் ஊராக ஜனங்கள் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பை நோக்கி நடந்ததும் அவர்கள் கண்ணால் பார்த்தது. அப்போது ஏழாம் வகுப்பு. ஒருத்தி மட்டும் "பென்னிகுக் காலத்துல இருந்தே" என்றாள். பென்னிகுக் என்றால் அணையைக் கட்டிய ஆங்கிலேய என்ஜினியர். அது எந்தக் காலம் என்று கேட்டேன். "வெள்ளைக்காரன் காலம் சார். ரொம்ப வருசத்துக்கு முன்னாடி."

அவ்வளவுதான் பதில். அவர்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களோடு பென்னிகுக் படமும் தொங்குகிறது. வாசலுக்கு முன்னால் ஓடுவது அவர் திருப்பிவிட்ட தண்ணீர். தை மாதம் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பென்னிகுக் என்றே பெயர் வைக்கப்பட்ட சில பையன்கள் தெருவில் விளையாடுகிறார்கள். ஆனால் வருடம் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பதினாறு வருடமாக அதே ஊரில் வரலாறு நடத்திவந்த நான் அன்றுவரை அணையை வகுப்புக்குள் கொண்டுவந்ததே இல்லை. பாடத்திட்டத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு.

எங்கள் பள்ளியில் சோசியல் என்றால் பாஸ் மார்க் பாடம். கணக்கு வாத்தியாருக்கு போர்ஷன் முடியவில்லை என்றால் என் பீரியடைத்தான் கேட்பார். நானும் கொடுப்பேன். பிள்ளைகள் காலக்கோடு போடுவதில் மட்டும் கெட்டிக்காரர்கள். ஐந்து மதிப்பெண் உறுதியாக விழும் வினா என்பதால் வாசலில் கோலம் போடுகிற வேகத்தில் போட்டுவிடுவார்கள். பென்சில், ஸ்கேல், ஐந்து நிகழ்ச்சி, முடிந்தது. கோட்டில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் மனிதர்கள் பிறந்து வளர்ந்து செத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு யாருக்கும் வந்ததில்லை. எனக்கே எப்போதாவதுதான் வரும்.

மறுநாள் பி.டி. வாத்தியாரிடம் நீளம் தாண்டும் போட்டிக்கு வைத்திருந்த டேப்பை வாங்கினேன். வகுப்பை வராண்டாவுக்குக் கூட்டி வந்தேன். ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. 1886 அக்டோபர் 29 அன்று சென்னை மாகாணத்துக்காகவும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காகவும் கையெழுத்தான அணை நிலத்தின் குத்தகை 999 வருடத்துக்கு. அப்படியானால் கோடு பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. மூன்று வகுப்பறை வாசலைத் தாண்டிப் போனது. ஒன்பதாம் வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் புள்ளியிலிருந்து நடக்கச் சொன்னேன். ஒன்பதாவது சென்டிமீட்டரில் அணை திறப்பு, 1895. அறுபத்தொன்றில் சுதந்திரம். எழுபதில் மொழிவழி மாநிலங்கள். அதாவது ஒப்பந்தம் போட்ட மாகாணமும் சமஸ்தானமும் அதற்குள் இல்லாமல் போயிருந்த இடம். எண்பத்து நான்கில், 1970இல், தமிழ்நாடும் கேரளமும் புது ஒப்பந்தம் எழுதின. ஏக்கருக்கு ஐந்து ரூபாயாக இருந்த குத்தகை முப்பது ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. 128இல் நாங்கள். இரண்டு தப்படிகூட முழுதாக எடுத்து வைக்கவில்லை.

எல்லோரும் அந்த இடத்தில் நின்று வராண்டாவின் மறுமுனையைப் பார்த்தார்கள். கோடு போய்க்கொண்டே இருந்தது.

"சார், மிச்சம் அவ்வளவுமா?"

"அவ்வளவும்."

"அப்போ இருக்கிறவங்களுக்கு இந்த ஒப்பந்தம் ஞாபகம் இருக்குமா சார்?"

பின்பக்கம் திரும்பச் சொன்னேன். 1886இலிருந்து இதே 999 வருடம் பின்னால் போனால் 887. தஞ்சைப் பெரிய கோயில் கிடையாது. ராஜராஜன் பிறக்கவில்லை. ஆதித்த சோழன் ஆண்டுகொண்டிருக்கிறான். அவன் காலத்தில் யாரோ இரண்டு பேர் எழுதிக்கொண்ட ஓலை பென்னிகுக் காலத்தில் காலாவதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இருபது வருடத் தொழிலில் ஒரு வகுப்பு அப்படி வாயடைத்து நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. 999 என்பதை அதுவரை அவர்கள் ஒரு வெற்றியாகத்தான் கேட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்து ஆள் காதில் அது எப்படி விழும் என்பது அப்போதுதான் லேசாக உறைத்தது. ஒருவன் மெதுவாக, "யாரு சார் இப்படி எழுதுவாங்க?" என்றான்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கோட்டுக்கு இடப்பக்கம், 1886க்கு முன்னால், சாக்பீஸை இழுக்க வேண்டியிருந்தது. மேற்கே போய் அரபிக்கடலில் விழும் ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனை பென்னிகுக்குடையது அல்ல. 1789 வாக்கிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்து இருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி இடம் பார்த்திருக்கிறார். கையில் பணம் இல்லை. 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதினார். யோசனை இப்படியே கிடந்தது. 1876இல் பஞ்சம் வந்த பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் வந்தது.

பஞ்சத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். பெரும்பாலோர் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு பையனின் அப்பத்தா மட்டும், சோற்றை அள்ளிக் கொட்டினால் "தாது வருசத்துல பொறந்திருந்தா தெரியும்டா" என்று திட்டுவாராம். தாது வருடம் என்றால் என்னவென்று அப்பத்தாவுக்கும் சரியாகத் தெரியாது; அவருடைய அப்பத்தா திட்டியதை இவர் திட்டுகிறார். அது 1876இல் பிறந்த தமிழ் வருடம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேரைத் தின்ற பஞ்சத்தின் பெயர். ஒரு வீட்டு வசவுக்குள் நூற்று முப்பத்தெட்டு வருடமாக அது உயிரோடு கிடந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு அன்று வகுப்பில் ஏகப்பட்ட மரியாதை.

அதற்கடுத்த வாரம் செய்த வேலையில்தான் வம்பு வந்தது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் உங்கள் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. அது உங்களுக்குக் கடிதம் எழுதுவதாக நினைத்து எழுதுங்கள், பத்து மதிப்பெண் என்றேன். முன்னேற்பாடாக 1979 ஆகஸ்ட்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சூ அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் செத்ததைச் சொல்லியிருந்தேன். அந்த வருடம்தான் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அதன்பிறகு தமிழ்நாடு அணையின் தலையில் கான்கிரீட் போட்டது, உடம்புக்குள் கேபிள் நங்கூரம் இறக்கியது, முதுகுக்குக் கான்கிரீட் முட்டுக் கொடுத்தது. பிறகுதான் 142 கேட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே மாதம் அந்தச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எங்கள் பக்கத்து நியாயம் பலமானது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அணை உடையும் என்ற பயம் கேரளக்காரர்கள் இட்டுக்கட்டியது என்று பிள்ளைகள் நினைத்ததைத்தான் மாற்ற விரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தகப்பனார் தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார். இருபோக நெல் விவசாயி. 2011இல் ஊர்வலத்தில் போய் அடி வாங்கியவர் என்று பிறகு தெரிந்தது. என்னை வரச் சொன்னார்கள்.

"சார், நாங்க இங்க தண்ணிக்குப் போராடுறோம். நீங்க எம்புள்ளைக்கு அவன் பக்கத்து வக்கீல் வேலை சொல்லித் தர்றீங்க."

"அண்ணே, எதிராளி என்ன சொல்றான்னு தெரியாம கோர்ட்டுல யாராவது ஜெயிச்சிருக்காங்களா?"

"அதுக்கு வக்கீல் இருக்காரு. எம்புள்ள படிச்சு மார்க் வாங்கட்டும்."

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ரிட்டயர்மெண்ட்டுக்கு எட்டு மாதம் இருந்தது. "சார், புத்தகத்துல இருக்கிறத மட்டும் நடத்துங்க" என்றார். நான் தலையாட்டினேன். வராண்டா கோட்டையும் அன்று சாயங்காலமே துடைத்துவிடச் சொன்னார்கள். ஆனால் சாக்பீஸ் கோடு சிமெண்ட் தரையில் ஊறிப்போய் மழைக்காலம் முடியும்வரை தெரிந்தது.

அந்தத் தகப்பனார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகமும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் அந்த ஒரு தண்ணீரை நம்பி இருக்கிறது. அவருக்கு வரலாறு என்பது பத்திரம் மாதிரி. பெட்டியில் இருக்க வேண்டும், யாரும் எடுத்துப் பார்த்துக் கசக்கக் கூடாது. என் தொழில் எடுத்துப் பார்ப்பது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

எடுத்துப் பார்ப்பதில் நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பென்னிகுக் தன் மனைவியின் நகைகளையும் இங்கிலாந்திலிருந்த சொத்தையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதையை நான் வருடக்கணக்கில் குரல் தழுதழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆதாரம் என்ன என்று என்னிடமே நான் கேட்டதில்லை. பிறகு 2021இல் மதுரையில் கலைஞர் நூலகம் கட்டவிருந்த இடத்திலிருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுக் வாழ்ந்த வீடு என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். கையில் செய்தித்தாள் துண்டு.

"சார், அவரு இறந்தது 1911. அந்தக் கட்டடத்தைக் கட்டுனது 1912, 13ன்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படி சார் குடியிருப்பாரு?"

ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். அவளை உட்காரச் சொல்லிவிட்டு என் நகைக்கதையை நினைத்தேன். அணைத் திட்டத்துக்கு 1884இல் லண்டன் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. கட்டியது சென்னை மாகாணத்துப் பொதுப்பணித் துறை. காட்டில் காய்ச்சலில் செத்த கூலிகள் நூற்றுக்கணக்கில். அவர்கள் பெயர் எந்த வீட்டுச் சுவரிலும் இல்லை. நகை விற்றதற்கு ஒரு காகிதத்தையும் நான் கண்டதில்லை. மலைக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது: திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் "என் இதய ரத்தத்தால் கையெழுத்திடுகிறேன்" என்று சொன்னாராம். அவர் இறந்தது 1885 ஆகஸ்ட்டில். ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு அடுத்த வருடம் அக்டோபரில், போட்டவர் திவான். எங்களுக்கு நகை, அவர்களுக்கு ரத்தம்.

மறுநாள் வகுப்பில் என் கதையை வாபஸ் வாங்கினேன். பென்னிகுக் பெரிய என்ஜினியர், வெள்ளத்தில் போனதைத் திரும்பத் திரும்பக் கட்டியவர், அதற்கு நகை தேவையில்லை என்றேன். பையன்கள் ஏமாற்றமாகப் பார்த்தார்கள். கதையைக் கொடுத்துப் பழக்கியவன் நான்தான்.

2014இல் எழுதிய அந்தக் கடிதங்களை ரொம்ப நாள் வைத்திருந்தேன். பெரும்பாலானவை ஒரே மாதிரி: "அன்புள்ள நண்பா, எங்களுக்குப் பயமாக உள்ளது, அணையை இடித்துப் புதிதாகக் கட்டுங்கள்." டி.வி.யில் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார்கள். ஒன்று மட்டும் வேறு. எழுதியவள் அம்மா தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப்பில் அடைந்துகொண்டு குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். 2011 டிசம்பரில் வாரக்கணக்கில் ஜீப் ஓடவில்லை. வண்டிப்பெரியாறுப் பெண்ணின் பெயரில் அவள் எழுதியிருந்தது ஐந்தே வரி:

"உங்க அம்மா எங்க தோட்டத்துக்குத்தான் வருவாங்க. காய் எடுக்கிறப்ப எனக்குப் பாட்டுச் சொல்லித் தருவாங்க. இப்ப ஒரு மாசமா வரலை. மழையில காய் உதிருது. ஜீப் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு."

அணை என்ற சொல்லே அதில் இல்லை. 136 இல்லை, 142 இல்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன். என் கையெழுத்துத்தான்.